பழைய ராணுவச் சட்டைப் பையில் கிடைப்பவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். பதினைந்து வருடமாக இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் ராணுவ உடைகளைச் சேர்த்து வருகிறேன். பெரும்பாலும் 'பேட்டில்டிரெஸ்' என்று சொல்லப்படும் காக்கிக் கம்பளி உடைதான். வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைத் திறந்து காட்டியதும் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "பையில ஏதாவது இருந்துச்சா?" என்பதுதான். அந்த இரண்டாவது கேள்வியிலிருந்து கிளைத்த சந்தேகங்களை, கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். சென்னைக்காரர்களும் உண்டு, யாழ்ப்பாணத்தாரும் உண்டு.

எண்பது வருஷம் ஆச்சு. எத்தனை பேர் கை மாறியிருக்கும். இன்னுமா பையில ஏதாவது இருக்கும்?

பெரும்பாலும் இருக்காது. என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் சுத்தமாகக் காலி. விற்கிறவரும் மனிதர்தானே, விலை சொல்வதற்கு முன் ஒரு தடவையாவது கையை விட்டுத் துழாவியிருப்பார். ஆனால் துழாவுகிற கை காசையும் காகிதத்தையும்தான் தேடும். அடித் தையலில் ஒட்டிக் கிடக்கும் தீக்குச்சித் தலை, புகையிலைத் தூள், நாலாக மடிந்து கம்பளியோடு கம்பளியாகிப்போன டிக்கெட் எல்லாம் அந்தக் கைக்குத் தட்டுப்படாது. நமக்கு மிச்சம் விட்டு வைத்திருப்பது அதுதான்.

லைனிங்கில் விழுந்த ஓட்டையும் நமக்கு உதவி செய்யும். கிரேட்கோட் எனப்படும் நீளக் கம்பளிக் கோட்டில் பை கிழிந்தால், போட்ட பொருள் இரண்டு துணிக்கும் நடுவே வழுக்கிக் கீழ் ஓரத்துக்குப் போய்விடும். பை காலியாக இருக்கும். ஓரமடிப்பை விரலால் தடவிக்கொண்டே போனால் ஏதோ ஒன்று முட்டும். ஒரு மூன்று பென்னிக் காசு எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அந்தக் காலத்துப் பித்தளை மூன்று பென்னிக்குப் பன்னிரண்டு பக்கம் உண்டு, அதனால் துணியைப் பிரிக்கும் முன்பே விரல் சொல்லிவிட்டது.

லேபிள்ல 'பிளவுஸ்'னு போட்டிருக்கு. பொம்பளைங்க சட்டையை வாங்கிட்டேனா?

இல்லை, பயப்படாதீர்கள். இடுப்போடு நின்றுவிடும் அந்தக் குட்டைச் சட்டைக்கு பிரிட்டிஷ் ராணுவம் வைத்த பெயரே பிளவுஸ்தான். என் மாமியார் அந்த லேபிளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை வேறு விஷயம்.

லேபிளை நன்றாகப் படியுங்கள். அளவு எண், உயரம், மார்பு, இடுப்பு, தைத்த கம்பெனி, ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். கூடவே அரசாங்கச் சொத்து என்பதற்கான அம்பு முத்திரை இருக்கும். ஆங்கில சி எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா, இரண்டு டி எழுத்துக்கு நடுவே இருந்தால் ஆஸ்திரேலியா. லேபிள் போய்விட்டால் தையலைப் பார்க்க வேண்டும். 1937 மாடலில் மார்புப் பைகளுக்கு நடு மடிப்பு உண்டு, பட்டன்கள் துணிக்குள் மறைந்திருக்கும். 1940 மாடல் சிக்கனக் காலத்தது. மடிப்பு கிடையாது, பட்டன்கள் வெளியே தெரியும். 1949 மாடலுக்குக் கோட்டு மாதிரி திறந்த காலர். பையில் கிடைத்த பொருளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் சட்டையின் வயது தெரிந்தாக வேண்டும். பின்னால் வரும் பதில்கள் பலவும் இதை நம்பித்தான் இருக்கின்றன.

எந்தெந்தப் பையில தேடணும்?

பிளவுஸில் வெளியே இரண்டு மார்புப் பைகள், உள்ளேயும் பை உண்டு. கால்சட்டையில் இடது தொடைக்கு மேல் பெரிய பை ஒன்று, வரைபடம் வைப்பதற்கு. வலது இடுப்புக்குக் கீழே, முன்பக்கம், சின்னதாக ஒரு பை இருக்கும். அது காயக்கட்டுப் பொட்டலத்துக்கென்றே தைத்தது. முதல் உலகப் போர்க் காலத்து மேல்சட்டையாக இருந்தால் வலது கீழ் ஓரத்தின் உள்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். அங்கே வெளியிலிருந்து தெரியாத ஒரு பை, அதுவும் கட்டுப் பொட்டலத்துக்குத்தான்.

மேசையில் வெள்ளைக் காகிதம் விரித்து, அதன் மேல் ஒவ்வொரு பையாக வெளியே புரட்டுங்கள். ஒரு பையின் தூளும் இன்னொரு பையின் தூளும் கலக்கக் கூடாது. ஜன்னலை மூடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். இதைச் சொல்லாமல் விட்டதால் ஒரு நண்பர் எண்பது வருடத்துப் புகையிலைத் தூளைத் தன் வீட்டு ஹாலில் பறக்கவிட்டார்.

தங்க மோதிரம், காதல் கடிதம் மாதிரி ஏதாவது? பொதுவா என்னதான் கிடைக்கும்?

பஸ் டிக்கெட். தீக்குச்சி. பென்சில் துண்டு. மிட்டாய் சுற்றிய காகிதம். ஊக்கு. சட்டைக்காரர் பட்டன் தைக்க வைத்திருந்த காக்கி நூல். சண்டை நடந்த இடத்துக்குப் போன சட்டையாக இருந்தாலும் பையில் கிடைப்பது இதுதான், ஏனென்றால் சிப்பாயின் நாட்களில் பெரும்பகுதி காத்திருப்பதிலும் வரிசையில் நிற்பதிலும் போனது. சினிமாவில் வருகிற பைகளில்தான் எப்போதும் காதலியின் படம் இருக்கும்.

கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் ராணுவக் காகிதம் ஏதாவது வரும். லீவு பாஸ் வரலாம். அச்சடித்த வாசகங்களில் வேண்டாததை அடித்துவிட்டு அனுப்பும் களத் தபாலட்டை வரலாம். 'நலமாக இருக்கிறேன்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்' என்று எல்லாம் அதில் முன்பே அச்சாகியிருக்கும். 1944 நார்மண்டி இறக்கத்துக்குக் கொடுத்த 24 மணி நேர உணவுப் பொட்டலத்தில் ஓட்ஸ் கட்டி, தேயிலை, சர்க்கரை, பால் கலந்து அழுத்திய கட்டி, திராட்சை போட்ட சாக்லேட், மிட்டாய் இவற்றோடு கழிப்பறைக் காகிதமும் எண்ணி நாலு தாள் வைத்திருந்தார்கள். அந்தத் தாள் ஒன்று கிடைத்தால் எனக்குத் தங்க மோதிரத்தை விட அது பெரிது. யாரும் பத்திரப்படுத்தி வைக்காத பொருள் அது.

பணத்தாளும் வரும். நேச நாடுகள் அச்சடித்த 1943 இத்தாலிய லிரா, 1944 பிரெஞ்சு ஃபிராங்க், வட ஆப்பிரிக்காவில் ஓடிய பிரிட்டிஷ் ராணுவ நிர்வாக நோட்டுகள். எந்த நாட்டுத் தாளோ அந்த நாட்டுக்குச் சட்டை போயிருக்கலாம் என்று ஊகிக்கலாம். 'லாம்' என்பதை அழுத்திப் படியுங்கள். சிப்பாய்கள் சீட்டாட்டத்தில் எல்லா நாட்டுப் பணத்தையும் வைத்து ஆடினார்கள்.

கிடைச்ச உடனே முதல்ல என்ன செய்யணும்?

கையை எடுங்கள். பொருள் பைக்குள் இருக்கும்போதே ஒரு படம், எடுத்து வைத்த பின் அளவுகோலோடு இரண்டு படம். எந்தப் பை, எந்த மூலை, தையலில் சிக்கியிருந்ததா, மேலாகக் கிடந்ததா என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம். சட்டைக்கு ஒரு எண் கொடுத்திருந்தால் அதே எண்ணைப் பொருளுக்கும் கொடுங்கள்.

மடிந்த காகிதத்தை அங்கேயே பிரிக்கத் தோன்றும். பிரிக்காதீர்கள். காய்ந்த மடிப்பு அப்பளம் மாதிரி நொறுங்கும். நானே ஒரு லீவு பாஸை அப்படி மூன்று துண்டாக்கியிருக்கிறேன். தேதி இருந்த துண்டுதான் தூளானது. ஈரப்பதம் கொடுத்துப் பதமாக்கிப் பிரிப்பது காகிதப் பாதுகாப்பு தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. அதுவரை அமிலமில்லாத காகித உறையில் அப்படியே கிடக்கட்டும். மெத்தென்று வாசனையடிக்கும் பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம், அது நாளடைவில் ஒட்டிக்கொள்ளும்.

அண்ணை, உதை ஒருக்கால் தோய்ச்சுப் போட்டு வைச்சால் என்ன? மணக்குது.

மணக்கட்டும் அண்ணை. தோய்த்தால் கம்பளி சுருங்கும், சாயம் இறங்கும், லேபிளின் மை கரையும். அதை விட முக்கியம், தையலில் இருக்கும் மண்ணும் தூளும் தண்ணீரோடு போய்விடும். வட ஆப்பிரிக்க மணல் ஒரு சிட்டிகை பையின் மூலையில் இருந்தால் அந்தச் சட்டை எங்கே போனது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. இன்றைய சோப்புத்தூள் இன்னொரு வகையிலும் கெடுதல் செய்யும். அதைப் போலிகளைப் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

நிழலில் காற்றாட விரித்து வையுங்கள். வெயிலில் போடாதீர்கள். தூசி அதிகமாக இருந்தால் வேக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய வலைத்துணி கட்டி, மிகக் குறைந்த வேகத்தில் வெளிப்புறத்தை மட்டும் தடவலாம். பைகளை முழுக்கப் பார்த்து முடித்த பிறகு.

கட்டுப் பொட்டலம் பிரிக்காம இருக்கு. உள்ளே என்னன்னு பார்க்கலாமா?

பார்க்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். காக்கித் துணி உறைக்குள் தண்ணீர் புகாத இரண்டு சின்னப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் பஞ்சுப் பட்டை வைத்துத் தைத்த கட்டுத் துணியும் ஒரு ஊக்கும். எப்படிக் கட்ட வேண்டும் என்ற விளக்கம் உறை மேலேயே அச்சாகியிருக்கும். முதல் உலகப் போர்க் காலத்துப் பொட்டலங்களில் அயோடின் குப்பியும் இருப்பது உண்டு, அது உடைந்தால் துணி முழுக்கக் கறை. பிரிக்காத பொட்டலம் என்றால் அந்தச் சட்டைக்காரருக்கு அது தேவைப்படவில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஊக்கு துருப்பிடித்து உறையில் பழுப்பாகக் கசிந்திருந்தால் மட்டும் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். துரு கம்பளியைத் தின்னும்.

தோட்டா ஒண்ணு இருந்துச்சு. ஊருக்கு எடுத்துட்டுப் போகலாமா?

கூடவே கூடாது. இங்கிலாந்தில் சுடப்படாத தோட்டாவை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1968 துப்பாக்கிச் சட்டப்படி குற்றம். பழசு என்பதால் விலக்கு கிடையாது. தொடாமல் வைத்துவிட்டு 101-க்கு போலீஸைக் கூப்பிடுங்கள். மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். கையெறி குண்டின் திரி, சின்ன உலோகக் குழாய் மாதிரி என்னவென்று புரியாத எதுவாக இருந்தாலும் இதே கதைதான். ஆபத்து உடனடியாகத் தெரிந்தால் வெளியே வந்து 999.

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம். பெட்டியின் அடியில் மறந்துபோய்க் கிடந்த ஒரே ஒரு தோட்டாவுக்காக விமான நிலையத்தில் வழக்குப் பதிவாகி, பிறகு "எனக்குத் தெரியாமல் இருந்தது" என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க அலைந்தவர்கள் பலர். ஆகவே பழைய சட்டையைப் பெட்டியில் வைக்கும் முன், காலி என்று விற்றவர் சொன்னாலும், ஒரு முறை எல்லாப் பைகளையும் பாருங்கள். லைனிங்கையும்.

சின்ன டப்பா, மாத்திரை எல்லாம்? அதுவுமா ஆபத்து?

சிலது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரைகள் இரண்டு வகையாக வரும், ஒன்று கிருமிக்கு, மற்றது முதல் மாத்திரையின் நாற்றத்தைப் போக்க. பர்மா பக்கம் போன சட்டையில் மஞ்சள் மாத்திரை இருந்தால் மலேரியாவுக்கான மெபாக்ரின் ஆக இருக்கலாம். அதைச் சாப்பிட்டவர்களின் தோலே மஞ்சளாகும். வாயில் வைத்துப் பார்க்கும் ஆளும் உண்டு என்பதால் சொல்கிறேன், வைக்காதீர்கள். விஷவாயுத் தாக்குதலுக்கான களிம்பு டப்பா கசிந்திருந்தால் கையுறை போட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி, உள்ளூர் நகராட்சியிடம் அபாயக் கழிவாகக் கொடுத்துவிடுங்கள். அமெரிக்கச் சட்டையில் ஊசியோடு கூடிய குட்டிக் குழாய் இருந்தால் அது மார்பின். அதுவும் போலீஸ் விஷயம்.

எல்லோரும் கவனிக்காமல் விடுவது இருட்டில் ஒளிர்ந்த பொருட்களை: கைக்கடிகாரம், திசைகாட்டி. இப்போது ஒளிரவில்லையே என்று மூடியைத் திறந்துவிடுவார்கள். களைத்துப்போனது ஒளிரும் ரசாயனம். அதோடு கலந்த ரேடியம் அப்படியே இருக்கிறது. அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டு ஆகும். மூடியைத் திறக்காதீர்கள், படுக்கையறையில் வைக்காதீர்கள்.

சட்டை 1942. உள்ளே இருந்த டிக்கெட் 1950களைச் சேர்ந்தது. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்று என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். போர் முடிந்ததும் சட்டை ஓய்வு பெறவில்லை. கட்டாய ராணுவ சேவைக்கு இங்கிலாந்தில் ஆள் எடுப்பது 1960 கடைசி வரை நடந்தது, கடைசி ஆட்கள் வெளியே வந்தது 1963-இல். அந்தப் பையன்களும் பேட்டில்டிரெஸ்தான் போட்டார்கள். மாணவர் படை போட்டது. உபரிச் சரக்குக் கடையில் வாங்கி விவசாயி வயலுக்குப் போட்டுப் போனார், மோட்டார் சைக்கிள்காரர் குளிருக்குப் போட்டார், நாடகக் கம்பெனி வாடகைக்கு விட்டது. சாயம் தோய்த்து நிறத் துண்டு தைத்துப் போர்க் கைதிகளுக்கும் கொடுத்தார்கள்.

என்னிடம் உள்ள ஒரு பிளவுஸின் பை முழுக்க வைக்கோல் துணுக்கும் கட்டுக் கயிறும். சண்டையில் இரண்டு வருடம் இருந்திருக்கலாம், மாட்டுத் தொழுவத்தில் இருபது வருடம் இருந்திருக்கிறது. வாங்க வந்த ஒருவர் "இதெல்லாம் கொட்டிட்டுத் தாங்க" என்றார். அவருக்கு நான் வேறு சட்டை கொடுத்தேன்.

சரி, வித்தவரே உள்ளே எதையாவது போட்டு வித்திருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இது நடக்கிறது. காலிச் சட்டைக்கு ஒரு விலை, 'பையில் கிடைத்த கடிதத்தோடு' என்றால் இன்னொரு விலை. என் முதல் சந்தேகம் எப்போதும் கதையின் மேல்தான். கடிதம், புகைப்படம், பதக்கம், பிரார்த்தனைப் புத்தகம் எல்லாம் ஒரே பையில் இருந்தால், அது பையா அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியா என்று கேளுங்கள்.

அடுத்து, பொருளும் பையும் ஒன்றையொன்று தெரிந்து வைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பத்து வருடம் பைக்குள் கிடந்த உலோகம் துணியில் பச்சையாகவோ பழுப்பாகவோ தடம் பதித்திருக்கும். காகிதத்தின் மடிப்பு பையின் அளவுக்குப் பொருந்தும், ஓரங்களில் கம்பளி இழை ஒட்டியிருக்கும். தடம் இல்லாத துருப்பிடித்த பொருள் என்றால் வேறெங்கோ துருப்பிடித்து வந்திருக்கிறது. எந்த மூலையில் இருந்தது என்று எழுதி வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள். காகிதத்துக்கும் துணிக்கும் வெண்மை கூட்டும் ரசாயனம் பரவலானது 1950 வாக்கில்தான். 1943 கடிதம் அந்த ஒளியில் நீலமாகப் பளிச்சிட்டால் கையை எடுத்துவிடலாம். துணியைப் பொறுத்தவரை அவசரப்படக் கூடாது: இன்றைய சோப்புத்தூளிலும் அதே ரசாயனம் இருக்கிறது. யாரோ ஒருவர் 1985-இல் தோய்த்திருந்தால் அசல் சட்டையும் போலி மாதிரி மினுங்கும். மேலே தோய்க்காதீர்கள் என்றதற்கு இதுவும் காரணம். தையல் நூல் பாலியெஸ்டர் என்றால் அந்தத் தையல் போர்க் காலத்தது இல்லை. அந்த இழையை 1941-இல்தான் கண்டுபிடித்தார்கள், கடைக்கு வந்தது 1950களில். அப்போதும் பிற்காலத்தில் கிழிந்ததைத் தைத்ததா, முழுச் சட்டையே புதிதா என்று பார்க்க வேண்டும்.

உள்ளே பேரும் நம்பரும் எழுதியிருக்கு. ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா?

எண் இருந்தால் நல்ல வாய்ப்பு. பிரிட்டிஷ் ராணுவத்தில் 1920 முதல் ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டது, அதனால் எண்ணைப் பார்த்தே முதலில் எங்கே சேர்ந்தார் என்று சொல்லிவிடலாம். இரண்டாம் போர்க்காலப் பணிப் பதிவேடுகள் 2022 முதல் லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. இறந்தவரா என்று பார்க்க காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, அதில் தேடக் காசு கிடையாது.

அமெரிக்கச் சட்டையில் ஓர் எழுத்தும் நாலு இலக்கமும் முத்திரையாக இருக்கும். குடும்பப் பெயரின் முதல் எழுத்து, பணி எண்ணின் கடைசி நாலு இலக்கம். சலவைக்குப் போட்டால் மாறிப்போகாமல் இருக்க. நம் ஊர் வண்ணான் குறி மாதிரிதான். ஆனால் முழு விவரம் தேடிப் போனால் தீ குறுக்கே நிற்கும். செயின்ட் லூயிஸ் ஆவணக் கிடங்கில் 1973 ஜூலை 12 அன்று பிடித்த நெருப்பில், 1912-க்கும் 1960-க்கும் இடையே விடுவிக்கப்பட்ட ராணுவத்தினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போயிற்று. முதல் உலகப் போர் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கும் அதே கதி: 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டில் பாதிக்கு மேல் சாம்பல். அந்த மாதிரி ஆட்களுக்குப் பையில் கிடந்த ஒரு லீவு பாஸே மிஞ்சிய ஒரே பதிவாக இருக்கக் கூடும்.

அடையாள வில்லை கிடைச்சா, அது செத்தவர் சட்டைதானே?

பெரும்பாலும் இல்லை. 1916 முதல் பிரிட்டிஷ் சிப்பாய் இரண்டு வில்லை போட்டார், எட்டு மூலைப் பச்சை ஒன்று, வட்டச் சிவப்பு ஒன்று. இறந்தால் சிவப்பை எடுத்துப் பதிவுக்கு அனுப்புவார்கள், பச்சை உடலோடு போகும். இறந்தவரின் உடையும் பொதுவாக அவரோடுதான் போகும். இரண்டு வில்லையும் கயிறோடு பையில் இருந்தால், வீட்டுக்கு வந்த அன்று ஒரு மனிதர் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டு மறந்திருக்கிறார் என்பதுதான் நெருங்கிய ஊகம்.

கூடவே வரும் கேள்வி, "ஓட்டை இருக்கே, குண்டா?" அந்துப்பூச்சி. எனக்கு வந்த எல்லா 'குண்டு' ஓட்டைகளும் அந்துப்பூச்சிதான்.

கடிதம் இருந்தா படிக்கலாமா? நெட்ல போடலாமா?

படிக்கலாம் என்பது என் கட்சி. ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் நியாயம் இருக்கிறது. பொதுவில் போடுவது வேறு. காகிதம் உங்களுடையது, வாசகம் எழுதியவரின் வாரிசுகளுடையது. பிரிட்டனில் அந்தக் காலத்து வெளியிடப்படாத கடிதங்கள் பலவற்றுக்குக் காப்புரிமை 2039 இறுதி வரை இருக்கிறது. பெயரை மறைத்து, உங்கள் சொற்களில் சாரத்தைச் சொல்லலாம்.

குடும்பத்தைக் கண்டுபிடித்தால், முதலில் நகலை அனுப்பி "இப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது, பார்க்க விருப்பமா?" என்று கேளுங்கள். எல்லாக் கடிதமும் மனைவிக்கு எழுதியதாக இருக்காது. ஒரு தடவை அவசரப்பட்டு அசலையே அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை, ஏன் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

சம்பளப் புத்தகம் கிடைத்தால் உயில் பக்கத்தைப் பாருங்கள். ஆர்மி புக் 64-இன் முதல் பகுதியில் உயில் எழுதவே ஒரு பக்கம் உண்டு. போர்முனையில் இருப்பவருக்குச் சாட்சிக் கையெழுத்து இல்லாமலே உயில் செல்லும். நம் 1925 வாரிசுரிமைச் சட்டத்திலும் அந்தச் சலுகை இருக்கிறது. "எல்லாம் அம்மாவுக்கு" என்ற ஒற்றை வரி, பத்தொன்பது வயதுக் கையெழுத்தில். எல்லாம் என்றால் என்ன இருந்திருக்கும்?

பட்டுத் துணியில வரைபடம் இருந்தா பெரிய விலை போகுமாமே?

விமானப் படை உடையில் கிடைத்தால் நம்பலாம். எதிரி மண்ணில் விழுந்தவர்கள் தப்பி வர எம்.ஐ.9 பிரிவு கொடுத்தது அது. லீட்ஸில் சீட்டுக்கட்டும் பலகை விளையாட்டும் செய்த வாடிங்டன் கம்பெனி அச்சடித்தது. பட்டு, கசங்கினாலும் சத்தம் வராது, நனைந்தாலும் கிழியாது. பட்டனுக்குள் திசைகாட்டி மறைத்ததும் அதே பிரிவுதான். சில பட்டன்களை வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருகினால்தான் திறக்கும், இடப்பக்கம் திருகுகிற எதிரி இன்னும் இறுக்கிவிடுவான்.

காலாட்படை பேட்டில்டிரெஸில் கிடைத்ததாக யாராவது காட்டினால் மேலே சொன்ன சோதனைகளை முழுக்கச் செய்யுங்கள். போருக்குப் பின் உபரி வரைபடத் துணி கடைகளில் விற்றது, பெண்கள் ஸ்கார்ஃப் தைத்துக்கொண்டார்கள். இன்று நினைவுப்பொருளாக அச்சடிப்பதும் ஏராளம்.

நம்ம ஆளுங்க போட்ட சட்டை ஏதாவது சிக்கியிருக்கா?

தமிழர் போட்டது என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒன்றும் என்னிடம் இல்லை. போட்டவர்கள் நிறைய. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை எரித்ரியாவிலிருந்து இத்தாலி, பர்மா வரை போனது. கண்ணிவெடியின் மேல் தன் உடலைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றி, 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் இறந்து, ஜார்ஜ் கிராஸ் வீரப் பதக்கம் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் அந்தப் படைக்காரர், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். இத்தாலியக் குளிரில் நம்மவர்களும் இதே கம்பளியைத்தான் போட்டார்கள். ஆனால் ஊர் திரும்பியவர் வீட்டில் கம்பளிச் சட்டை எத்தனை மழைக்காலம் தாங்கும்? தாங்கியதும் தலைகாணி உறையாகவோ மூட்டைத் துணியாகவோ போயிருக்கும். "தாத்தா சட்டை, ஆவடி முத்திரை இருக்கு" என்று இரண்டு பேர் படம் அனுப்பினார்கள். ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலை தொடங்கியது 1961-இல். தாத்தா சட்டையாக இருக்கலாம், அந்தப் போர்ச் சட்டை இல்லை.

எனக்குக் கிடைத்தது வேறு. கென்ட்டில் ஒரு பழைய ராணுவ வாகனச் சந்தை, புல்வெளியில் தார்ப்பாய் விரித்துக் குவித்த துணி. அதில் பர்மா முனைக்கான பச்சைச் சட்டை ஒன்று. உள்ளே ஆங்கிலப் பெயர். வலது மார்புப் பையின் மூலையில் நூலில் கோத்த ஓட்டைக் காலணா, 1944. உலோகத் தட்டுப்பாட்டில் நடுவில் துளை போட்டு இந்தியாவில் அடித்த காசு. என் பாட்டி அதை அரைஞாண் கயிற்றில் கோத்துக் குழந்தைகளுக்குக் கட்டியதைச் சொல்வாள். அந்த வெள்ளைக்காரப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்து நூலில் கோத்தானோ. பையின் உள்பக்கத்தில் காசளவுக்கு ஒரு பச்சை வட்டம், நடுவில் மட்டும் கறையில்லாத புள்ளி. அதைப் பார்த்த பிறகு டார்ச்சை எடுக்கவே இல்லை.

சென்னையில எப்படிப் பாதுகாக்கிறது? இங்கே ராமபாணம், பூஞ்சை, எல்லாம்.

பீரோவில் அந்துருண்டையைக் கொட்டாதீர்கள். வாடை கம்பளியை விட்டுப் போகாது, பழைய பிளாஸ்டிக் பட்டன்களுக்கும் ஆகாது. புதிதாக வந்த சட்டையை, பைகளைக் காலி செய்த பின், காற்றுப் புகாத பாலித்தீனில் கட்டி டீப் ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் ஒரு நாள் அறை வெப்பத்துக்கு வரட்டும். அந்துப்பூச்சியும் முட்டையும் ஒழியும். பிறகு சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டி. கம்பி ஹேங்கர் தோளைப் பிய்க்கும். பட்டுப்புடவைக்குச் செய்வது போல ஆறு மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். கிடைத்த பொருளைப் பைக்குள் திரும்ப வைக்க ஆசையாக இருக்கும். உலோகம் என்றால் வேண்டாம், அதே எண் போட்ட உறையில் பக்கத்தில் இருக்கட்டும்.

சட்டையைத் தனியா, சாமானைத் தனியா வித்தா கூடக் காசு வருமே?

வரும். நான் செய்ய மாட்டேன், செய்கிறவர்களிடம் வாங்கவும் மாட்டேன். பச்சை வட்டம் இருக்கும் பை ஒருவரிடம், காசு இன்னொருவரிடம் என்றால் இரண்டு பேரிடமும் ஒன்றும் இல்லை.

மாப்ளே, அந்த ஓட்டைக் காலணாவை மட்டும் எனக்குக் கொடுத்துடேன். எங்கம்மா ஞாபகம்.

மாமா, அது மட்டும் முடியாது. சென்னையில் பழைய நாணயம் விற்பவர்களிடம் ஓட்டைக் காலணா சல்லிசாகவே கிடைக்கும். தையில் ஊருக்கு வரும்போது 1944 போட்டதாகவே பார்த்து ஒன்று வாங்கி வருகிறேன். அரைஞாண் கயிறு நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.